திண்ணை வீட்டைப் பழசாக்குவது எப்படி: மாதிரி வீடுகளுக்கு வண்ணம் பூசத் தொடங்குவோருக்கு

கொலுப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமத்தை அமைத்து வைக்கும் வழக்கம் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது. அட்டையிலும் பலகையிலும் வீடு கட்டுவதில் நம்மவர்கள் கைதேர்ந்தவர்கள். வண்ணம் பூசும்போதுதான் சறுக்குகிறது. சுவர் பளீரென்று வெள்ளை, ஓடு முழுவதும் ஒரே சிவப்பு, கதவு கடையில் வாங்கிய பச்சை. உழைத்துக் கட்டிய வீடு கடைசி நாளில் பொம்மையாகிவிடுகிறது.

இந்தப் பகுதிக்கு மாதிரி செய்யும் கலை புதிதல்ல. நெட்டி என்னும் நீர்த்தாவரத் தண்டின் வெண்சோற்றில் செய்யும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெட்டியில் செதுக்கிய பெரிய கோயில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்ணிறமாகவே நிற்கும். வடிவத்தின் நேர்த்தியே அதற்குப் போதும். ஆனால் ஆட்கள் புழங்கிய வீட்டைக் காட்ட வேண்டுமென்றால், அந்த வீட்டின் மேல் மழை பெய்திருக்க வேண்டும், வெயில் அடித்திருக்க வேண்டும், கை பட்டிருக்க வேண்டும். மாதிரி வீட்டில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு கறைக்கும் இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்க வேண்டும். காரணம் சொல்ல முடியாத கறையை வைக்காதீர்கள். தொடங்குகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது இது ஒன்றைத்தான்.

எடுத்துக்காட்டுக்குத் திண்ணை வைத்த ஓட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அளவு 1:50. ஒரு மீட்டர் 2 செ.மீ. ஆகும், ஓர் அடி ஏறக்குறைய 6 மி.மீ. இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் வேலை பாதி சுலபம்.

வண்ணத்தைத் திறப்பதற்கு முன்

முதலில் வடக்கு எது என்று முடிவு செய்யுங்கள். அடிப்பலகையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு வையுங்கள். டெல்டாவில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. சாரல் வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் அடிக்கும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், வடக்கு பார்த்த கூரைச் சரிவு காய்வதற்கு நாளாகும். பாசி முதலில் பிடிப்பது அங்கேதான். மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் விழுந்து நிறம் வெளுத்திருக்கும். நான்கு பக்கமும் ஒரே மாதிரி அழுக்காக இருக்கும் வீடு ஊரில் எங்கும் இல்லை.

அடுத்து, மாதம். மார்கழியில் பாசி பச்சையாக இருக்கும். சித்திரையில் அதே பாசி காய்ந்து கறுத்துப் பொருக்காகியிருக்கும். தொடங்குகிறவர்களுக்கு நான் மாசி மாதத்தைச் சொல்வேன். பொங்கலுக்கு அடித்த வெள்ளை இன்னும் மங்கியிருக்காது, மழை விட்டுப் போன ஈரம் சுவரின் அடியில் மிச்சமிருக்கும், கூரைப் பாசி பாதி பச்சையும் பாதி கறுப்புமாக இருக்கும். எல்லா உத்திகளையும் ஒரே வீட்டில் பழகிவிடலாம்.

மூன்றாவது, மண். செம்மண் நிறத்தை எடுத்துச் சுவரடியில் பூசுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லம் பக்கத்து வீட்டுக்கு அது பொருந்தும். திருவையாறு, கும்பகோணம், மன்னார்குடி என்று வயல் சூழ்ந்த ஊர்களில் இருப்பது வண்டல். ஈரத்தில் கரும்பழுப்பு, காய்ந்தால் சாம்பல் கலந்த பழுப்பு. பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு வண்ணத்தில் வெள்ளையும் துளி கறுப்பும் சேர்த்தால் இந்த நிறம் கிடைத்துவிடும்.

வேண்டிய பொருட்கள் அதிகமில்லை. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் வண்ணங்களில் வெள்ளை, கறுப்பு, பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), சாப் கிரீன் (இலைப்பச்சை), அல்ட்ராமரின் நீலம். தூரிகையில் மெல்லியது ஒன்று, தட்டையானது ஒன்று, முடி விறைத்துப்போன பழையது ஒன்று. பழைய பல் துலக்கும் பிரஷ், பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு, டிஷ்யூ தாள், உரசித் தூளாக்கிக்கொள்ள சாக் பேஸ்டல் குச்சிகள், மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். சமையலறையிலிருந்து தூள் உப்பும் கல் உப்பும்.

அடிப்பூச்சு

வீட்டின் ஓரங்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு பிரைமர் அடியுங்கள். வெளிர் சாம்பல் நிறம் நல்லது. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையைத் தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அட்டையில் கட்டியிருந்தால் பிரைமருக்கு முன் உள்ளும் புறமும் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் தண்ணீர் வேலையில் அட்டை வளைந்துவிடும்.

தெர்மோகோலிலோ ஃபோம் போர்டிலோ கட்டியவர்கள் ஸ்பிரே டப்பாவை நேரடியாக அடிக்கவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். தூரிகையால் அக்ரிலிக் பூசி மூடிய பிறகே ஸ்பிரேயைப் பற்றி யோசிக்கலாம். மழைநாளில் ஸ்பிரே வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பூச்சின் மேல் வெண்புகை படிந்ததுபோல் மங்கலாகிவிடும். கொலுவுக்குச் செய்கிறவர்கள் ஆவணி மாதத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. புரட்டாசி கடைசியில் எப்போது மேகம் திரளும் என்று சொல்ல முடியாது.

கூரை

பார்ப்பவர் கண் முதலில் விழுவது கூரையில். மாதிரியை நாம் எப்போதும் மேலிருந்து பார்க்கிறோம் அல்லவா? ஆகவே நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள்.

எந்த ஓடு என்பதைப் பொறுத்து வேலை மாறும். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவிய சீமை ஓடு அச்சில் அழுத்திச் செய்வது. நிறத்தில் ஓட்டுக்கு ஓடு பெரிய வித்தியாசம் இராது. நாட்டு ஓடு கையால் செய்து சூளையில் சுட்டது. அனல் நன்றாகப் பட்டது கருஞ்சிவப்பு, சரியாக வேகாதது மஞ்சள் கலந்த சிவப்பு, புகை படிந்தது கறுப்பு. நம் வீட்டில் நாட்டு ஓடு என்று வைத்துக்கொள்வோம்.

பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் வெள்ளையும் ஓக்கரும் கலந்து கூரை முழுவதும் பூசுங்கள். கடை வண்ணத்தை அப்படியே பூச வேண்டாம். சிறிய உருவில் அடர்ந்த நிறம் கண்ணை உறுத்தும். எதிலும் கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ சேர்த்தால்தான் தள்ளி நின்று வீட்டைப் பார்ப்பது போன்ற உணர்வு வரும். காய்ந்ததும் அதே கலவையை நான்கு கிண்ணத்தில் பிரியுங்கள். ஒன்றில் அம்பர், ஒன்றில் ஓக்கர், ஒன்றில் சாம்பல், ஒன்றில் மிகச் சிறிது கறுப்பு. மெல்லிய தூரிகையால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனி ஓடுகளைத் தொட்டுக்கொண்டே போங்கள். ஒரே நிற ஓடுகள் மூன்று வரிசையாக வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு வேறு எந்த உத்தியாலும் நாட்டு ஓட்டுக் கூரையைக் கொண்டுவர முடியாது.

பிறகு வாஷ். அம்பரும் கறுப்பும் கலந்த வண்ணத்தை அழுக்குத் தண்ணீர் பதத்துக்குக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டுக்கொள்ளுங்கள். கூரையைச் சாய்த்துப் பிடித்து முகட்டிலிருந்து கீழ்நோக்கிப் பூசினால் கலவை ஓடுகளின் இடுக்கில் தானாக இறங்கும். மழைநீர் ஓடும் திசையிலேயே தூரிகையும் போக வேண்டும். ஓட்டின் முதுகில் தேங்கியதை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். சிலர் கறுப்பு வாஷை வீடு முழுவதும் ஊற்றிவிடுகிறார்கள். சுவர், கதவு, கூரை எல்லாம் ஒரே சாக்கடை நிறமாகிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாஷ் கூரைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, சுவரடிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கட்டும்.

நன்றாகக் காய்ந்த பின் டிரை பிரஷ். விறைத்த தூரிகையில் வெளிர் செம்பழுப்பைத் தொட்டு, தாளில் தேய்த்துத் தேய்த்து, இனி ஒன்றும் ஒட்டாது என்று தோன்றும்வரை துடையுங்கள். அந்தத் தூரிகையைக் கூரைமேல் குறுக்காக மெல்ல உரசினால் ஓடுகளின் மேடு மட்டும் வெளிச்சம் வாங்கும். வலது சரிவில் ஒரு கை அதிகம், இடது சரிவில் ஒரு கை குறைவு என்று இருந்தால் இன்னும் இயல்பு.

இப்போது பாசி. சாப் கிரீனில் கறுப்பும் அம்பரும் கலந்து, ஸ்பாஞ்சுத் துண்டால் வடக்குச் சரிவில் மட்டும் ஒற்றுங்கள். கீழ்விளிம்பை ஒட்டிய இரண்டு மூன்று வரிசையில் அதிகம், முகட்டை நெருங்க நெருங்கக் குறைவு. மரம் ஒன்று கூரைமேல் கவிந்திருந்தால் அதன் நிழல் விழும் இடத்தில் இன்னும் கொஞ்சம். தெற்குச் சரிவில் பச்சை வேண்டாம். காய்ந்த கறுப்புத் திட்டு போதும்.

கூரைக்கும் வரலாறு உண்டு. மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுவார்கள். பழைய கூரையின் நடுவே ஏழெட்டுப் புது ஓடுகள் பளிச்சென்று தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது காற்றில் ஓடுகள் பறந்தன. ஒரு மூலையில் மட்டும் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டு ஒட்டுப்போட்ட கூரையை வைத்தால், வேதாரண்யம் பக்கத்து வீட்டுக்கு அது பொருத்தமாக இருக்கும். அங்கே தகரத்தின் துருவையும் தயங்காமல் கூட்டலாம். கடற்காற்றின் உப்பு இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும்.

சுவர்

சுண்ணாம்பு அடித்த சுவர் தூய வெள்ளை அல்ல. வெள்ளையில் ஓக்கர் துளியும் அல்ட்ராமரின் அதைவிடச் சிறிய துளியும் சேருங்கள். நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பின் நிறம் வரும்.

ஆனால் அதை உடனே பூசிவிடாதீர்கள். சுண்ணாம்பு உரியும்போது அடியில் தெரிய வேண்டியதை முதலில் பூச வேண்டும்: சில இடங்களில் காரையின் சாம்பல் பழுப்பு, சில இடங்களில் பல வருடத்துக்கு முன் அடித்த வெளிர் நீலமோ மஞ்சளோ. அது முழுக்கக் காய்ந்ததும் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு. இனி உப்பு வேலை. உரிய வேண்டிய இடத்தை மட்டும் தண்ணீரால் நனைத்து உப்பைத் தூவுங்கள். தூள் உப்பின் மணி அரை மி.மீ. என்றால், நம் அளவில் அது இரண்டரை செ.மீ. உரிசல். கல் உப்பின் மூன்று மி.மீ. மணி பதினைந்து செ.மீ. காரைப் பெயர்ச்சி. இரண்டையும் கலந்து, சுவரின் அடியில் நெருக்கமாகவும் மேலே போகப் போக அரிதாகவும் தூவுங்கள். ஈரம் காய்ந்து உப்பு ஒட்டிக்கொண்டதும், அதிகம் தண்ணீர் சேர்க்காத சுண்ணாம்பு நிறத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி மூடுங்கள். தூரிகையால் இழுத்தால் உப்பு இடம் பெயரும்; நீர்த்த வண்ணம் உப்பைக் கரைத்துவிடும். காய்ந்த பின் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, பழைய சுவர் ஓட்டை ஓட்டையாக வெளிப்படும். அந்தக் கணத்தில் வரும் மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். ஈரப்பஞ்சால் இரண்டு மூன்று முறை துடைத்து மிச்ச உப்பை முழுக்க அகற்றிவிடுங்கள். தங்கிய உப்பு அடுத்த மழைக்காலத்தில் ஈரம் இழுத்து வெண்மையாகப் பூக்கும்.

அடுத்தது ஓதம். வண்டல் மண்ணில் நிற்கும் பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. இரண்டு மூன்று அடி உயரம்வரை, அதாவது மாதிரியில் 12 முதல் 18 மி.மீ. வரை, கறுத்த பட்டை ஒன்று மேடும் பள்ளமுமான விளிம்போடு ஓடும். இதைச் செய்ய வீட்டை மல்லாத்திச் சுவரைப் படுக்கைவசமாக வையுங்கள். மிக நீர்த்த சாம்பல் பழுப்பைச் சுவரடியில் சிறு குட்டையாகத் தேங்கவிட்டு, தொடாமல் காயவிடுங்கள். குட்டையின் ஓரத்தில் கோடு விழும். வேறு இடத்தில் அது குறையாகத் தெரியும், இங்கே அதுவேதான் தேவை. கோட்டை ஒட்டி மேலே வெள்ளைப் பேஸ்டல் தூளை விரல்நுனியால் லேசாகத் தடவினால், சுவரில் உப்புப் பூத்தது தெரியும்.

கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீர் தரையில் விழுந்து சேற்றைத் தெறிக்கவிடும். தெறிப்பு ஒன்றரை அடிக்கு மேல் போவது அரிது. மாதிரியில் 9 மி.மீ. அதற்கு மேல் தாளை வைத்து மறைத்துவிட்டு, பல் துலக்கும் பிரஷில் வண்டல் நிறத்தைத் தொட்டு விரலால் நெருடித் தெறிக்க விடுங்கள்.

திண்ணையும் வாசலும்

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். திண்ணையின் மேல் கூரை தாழ்ந்து நீண்டிருப்பதால் முன்சுவரில் மழை படுவதில்லை. மழைக்கோடும் சேற்றுத் தெறிப்பும் திண்ணையின் வெளிமுகத்தோடு நின்றுவிடும். உள்ளே இருப்பதெல்லாம் மனிதக் கறை.

திண்ணையில் சாய்ந்து உட்காருபவரின் தலை படும் இடம் உட்காரும் மட்டத்திலிருந்து இரண்டரை அடி மேலே, ஏறக்குறைய 15 மி.மீ. அங்கே ஓக்கரும் அம்பரும் கலந்த மிக நீர்த்த நிறத்தில் கைவிரல் நகத்தில் பாதி அகலத்துக்கு ஒரு திட்டு. கடைசி வார்னிஷுக்குப் பின் அந்தத் திட்டின் மேல் மட்டும் பளபளப்பு வார்னிஷை ஒரு தொடு தொடுங்கள். எண்ணெய் தேய்த்த தலைகள் பல வருடம் சாய்ந்த சுவர் அது. எல்லா இடத்திலும் வைக்காமல், தூணுக்குப் பக்கத்தில் ஒன்றும் கதவை ஒட்டி ஒன்றும் வைத்தால் போதும். திண்ணைத் தரை சிவப்புச் சிமெண்டாக இருந்தால் நடுவில் சற்றுப் பளபளப்பு, ஓரத்தில் மங்கல்.

விளக்கு மாடத்துக்கு மேலே கரிப் பேஸ்டல் தூள், மேல்நோக்கித் தீநாக்கு வடிவில். கதவில் நாதாங்கியைச் சுற்றி அழுக்கு. வெயில் படும் கீழ்ப்பகுதியில் பச்சை வெளுத்து மரத்தின் சாம்பல் நிறம் வெளிப்பட வேண்டும். மரத்துக்கு வெளிர் சாம்பலில் டிரை பிரஷ், மரத்தின் ரேகை ஓடும் திசையில். நிலைப்படியில் மஞ்சள் பூசிக் குண்டூசி முனையால் குங்குமப் பொட்டு. ஜன்னல் கம்பியின் கீழ்முனையிலிருந்து துருக்கோடு மிக மெல்லியதாக, சில கம்பிகளுக்கு மட்டும்.

வாசலில் சாணம் தெளித்த இடம் சுற்றியுள்ள மண்ணைவிடக் கருமையாக, பச்சை ஓடியதாக இருக்கும். அதன் மேல் நன்றாகச் சீவிய வெள்ளைப் பென்சிலால் சின்னக் கோலம். நடைபாதையில் ஓரிடத்தில் விரலால் கலைத்துவிடுங்கள். காலையிலேயே யாரோ மிதித்துப் போயிருப்பார்கள்.

கடைசிப் பூச்சும் பாதுகாப்பும்

வீட்டை அடிப்பலகையில் ஒட்டியதும் சுவருக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அதுவரை செய்த உழைப்பு வீண். ஃபெவிக்காலில் சலித்த வண்டல் மண்ணைக் குழைத்து இடுக்கை அடைத்து, சுவரடியில் பூசிய அதே நிறத்தைத் தரையிலும் ஓடவிடுங்கள். மைதாப் பசை வேண்டாம். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும்.

மேட் வார்னிஷ் வெயில் நாளில், திறந்த இடத்தில், ஓரடித் தொலைவிலிருந்து இரண்டு மெல்லிய பூச்சாக. வார்னிஷ் பட்டதும் பேஸ்டல் தூளின் நிறம் பாதி காணாமல் போகும். ஆகவே தூளை ஒரு பங்கு கூடுதலாக வைத்திருக்க வேண்டும், அல்லது உப்புப் பூத்ததையும் விளக்குக் கரியையும் வார்னிஷுக்குப் பின் வைத்து, கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழியில் வரும் மென்மை முதலாவதில் வராது.

நவராத்திரி முடிந்து பெட்டியில் வைக்கும்போது கொலு பொம்மைகளோடு சேர்த்து வைக்காதீர்கள். அந்தப் பெட்டியில் பெரும்பாலும் அந்துருண்டை கிடக்கும். அதன் ஆவி தெர்மோகோலையும் சிலவகை பிளாஸ்டிக்கையும் இளக்கி உருக்குலைத்துவிடும். தனிப் பெட்டியில் பருத்தித் துணியைச் சுற்றி, காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ போட்டு, பரணில் வைக்காமல் வெப்பம் குறைந்த அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.